லைசென்ஸ் கேட்கலாம், பையைத் திறக்கச் சொல்லலாமா?

வாசகர் எழுதியது:

“வக்கீல் அண்ணா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணி இருக்கும், ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த தங்கச்சியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது நாற்சந்தியில் பேரிகார்டு போட்டு நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் காட்டினேன், சரியாக இருந்தது. இரண்டு பேருமே ஹெல்மெட் போட்டிருந்தோம். அப்புறமும் விடவில்லை. கான்ஸ்டபிள் ஒருவர் என் பையை வாங்கி எல்லாவற்றையும் சீட்டின் மேல் கொட்டினார், பாக்கெட்டில் கை விட்டார். யூனிஃபார்ம் போடாத இன்னொருவர் போனைத் திறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் எதையோ தேடினார். பையில் சீட்டு எடுத்த பணம் 38,500 ரூபாய் இருந்தது, அதற்கு அரை மணி நேரம் விசாரணை. தங்கச்சியின் ஹேண்ட்பேக்கையும் ஆண் போலீஸே திறந்து கிளறினார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று ‘போ’ என்றார்கள். எந்தச் சீட்டும் தரவில்லை. அவர்களுக்கு இந்த அதிகாரம் உண்டா? முடியாது என்று நான் சொல்லியிருக்கலாமா? இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?”

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசியில் சொன்ன ஒரு வரி, “எந்தச் சீட்டும் தரவில்லை” என்பது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவது ஒரு அதிகாரம், பேப்பர் கேட்பது ஒரு அதிகாரம், உடம்பையோ பையையோ சோதனை போடுவது முற்றிலும் வேறொரு அதிகாரம். ஒன்று இருந்தால் அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ரோட்டில் நிற்கும்போது மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் மூன்றையும் செய்வது அதே காக்கிச் சட்டைதான், அதே டார்ச் லைட்தான். சட்டப் புத்தகத்தில் மூன்றும் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன.

பேப்பர் கேட்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-லிருந்து வருகிறது. பிரிவு 130-ன்படி சீருடையில் இருக்கும் எந்தக் காவலரும், கான்ஸ்டபிளாக இருந்தாலும், லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம், நீங்கள் காட்டித்தான் ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 139 ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறது, அதே விதி போனில் காட்டினாலும் போதும் என்கிறது. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ இருப்பது செல்லும், அசலைக் கொண்டு வா என்று யாராவது சொன்னால் அந்த விதியின் எண்ணை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், சட்டப்படி இடும் கட்டளையை மீறினால் பிரிவு 179-ல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குடித்திருப்பதாகச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் பிரிவு 203-ன்படி ஊதச் சொல்லலாம். ஆவணத்தைப் பிடித்து வைத்தால் பிரிவு 206-ன்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், லைசென்ஸ் கைக்குத் திரும்பும் வரை அந்தச் சீட்டை வைத்து நீங்கள் வண்டி ஓட்டலாம். லைசென்ஸோ பதிவோ பெர்மிட்டோ இல்லாமல் ஓடிய வண்டி என்றால் பிரிவு 207-ல் வண்டியையே நிறுத்தி வைக்கலாம். சாவியைப் பிடுங்கலாம், டயர் காற்றைப் பிடுங்கலாம் என்று மட்டும் எந்தப் பிரிவும் சொல்லவில்லை, ஓடும் வண்டியை உதைக்கலாம் என்று சொல்லவே இல்லை. 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் பக்கத்தில் ஹெல்மெட் விவகாரத்தில் நிற்காமல் போன பைக்கைத் துரத்திப்போய் இன்ஸ்பெக்டர் உதைத்து, பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்துபோனார், ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உங்கள் பை விஷயத்துக்கு வருவோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும், பேப்பர் சரியாக இருக்கிற ஆளின் பையைத் திறந்து பார்க்கப் போலீஸுக்கு அதிகாரம் தரும் பிரிவு கிடையாது. அப்படியென்றால் பையைத் தொடவே கூடாதா என்றால் அதுவும் இல்லை. தொடலாம், ஆனால் அதற்கு வேறொரு சட்டத்தின் வழியாக வர வேண்டும், அந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு நிபந்தனை இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது, கோர்ட் வராந்தாவில் நாங்கள் பி.என்.எஸ்.எஸ். என்றுதான் சொல்கிறோம். பழைய 165 அதில் 185 ஆகியிருக்கிறது. வாரண்ட் இல்லாமல் ஒரு ‘இடத்தை’ச் சோதனை போடும் அதிகாரம் அங்கே இருக்கிறது. இந்தச் சட்டத்தில் ‘இடம்’ என்றால் வீடும் கட்டடமும் மட்டும் இல்லை, கூடாரம், வாகனம், படகு எல்லாமே இடம்தான். உங்கள் பைக்கும் ஓர் இடம். ஆனால் 185 என்ன கேட்கிறது? ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ ஒரு குற்றத்தைப் புலன் விசாரணை செய்கிற அதிகாரியோதான் இதைச் செய்ய முடியும். அந்த விசாரணைக்குத் தேவையான பொருள் அங்கே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைச் சோதனைக்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும், எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். பேரிகார்டு போட்டு வருகிற போகிற எல்லோரையும் நிறுத்தி “பையைக் காட்டு” என்பதில் இந்த நான்கில் எது இருக்கிறது?

அடுத்த வழி கைது. உங்களைக் கைது செய்து, ஜாமீனில் விட முடியாத நிலை என்றால், பிரிவு 49-ன்படி உடம்பைச் சோதிக்கலாம், உடுத்திய துணி தவிர கிடைத்த பொருட்களை எடுத்து வைக்கலாம், எடுத்ததற்கு ரசீது தரணும். உங்களை யாரும் கைது செய்யவில்லை, அதனால் அந்தக் கதவும் சாத்தியே இருந்தது. மூன்றாவது பிரிவு 106, பழைய 102. திருட்டுப் பொருள் என்று சந்தேகப்பட்டாலோ, ஒரு குற்றம் நடந்திருக்கும் என்று சந்தேகம் வரும் சூழ்நிலையில் பொருள் கண்ணில் பட்டாலோ கைப்பற்றலாம். இது கைப்பற்றும் அதிகாரம், கண்ணில் படட்டும் என்று கொட்டிப் பார்க்கும் அதிகாரம் இல்லை.

இன்னும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஆயுதச் சட்டம், மதுவிலக்குச் சட்டம், ரேஷன் அரிசிக்காக அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். வாளையார் பக்கம் போகும் வேன்களை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்ப்பதும், புதுச்சேரியிலிருந்து வருகிற காரின் டிக்கியைத் திறக்கச் சொல்வதும் இந்தச் சட்டங்களின் பெயரில்தான். தேர்தல் நேரம் என்றால் பறக்கும் படை வேறு. இவற்றைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை, ஏனென்றால் உங்கள் போனில் அவர்கள் எதைத் தேடியிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கஞ்சா.

போதைப்பொருள் சட்டம் 1985, நாங்கள் என்.டி.பி.எஸ். என்போம், அதில்தான் ரோட்டுச் சோதனைக்கு நிஜமான, பலமான அதிகாரம் இருக்கிறது. பொது இடத்தில் பிரிவு 43, வீடோ தனியார் வாகனமோ என்றால் 42, வண்டியை நிறுத்தித் துருவிப் பார்க்க 49. இந்தச் சட்டத்தில் தண்டனை கடுமை என்பதால் நடைமுறையும் கடுமையாக வைத்திருக்கிறார்கள். கான்ஸ்டபிள் தகுதிக்கு மேற்பட்ட, அதிகாரம் கொடுக்கப்பட்ட அதிகாரிதான் சோதிக்க முடியும், உங்கள் பையைக் கொட்டியவர் அந்தத் தகுதியில் இல்லை. தகவல் கிடைத்துத் தனியார் வண்டியைச் சோதிக்கிறார்கள் என்றால் 42-ன்படி அந்தத் தகவலை எழுதி வைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். ரோட்டில் நிற்கிறதே, அது பொது இடம்தானே என்று போலீஸ் தரப்பு வாதாடியபோது, தனியார் வண்டி ‘பொது வாகனம்’ ஆகாது, 42-ஐப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று பூட்டா சிங் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி ஆட்களை விடுவித்தது. உடம்பைச் சோதிக்கும் முன்னால் “மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு இருக்கிறது” என்று சொல்ல வேண்டும், இது பிரிவு 50. அதைச் சும்மா பேருக்குச் செய்தால் போதாது, கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2010-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜடேஜா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் ஒன்று, இந்தப் பாதுகாப்பு உடம்புக்கு மட்டும்தான். கையில் பிடித்திருக்கும் பை உடம்பு ஆகாது என்று 2005-லேயே சொல்லிவிட்டார்கள், 2023-லும் அதையே உறுதி செய்தார்கள். நிறையப் பேர் பையைச் சோதிப்பதற்கும் பிரிவு 50 உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு.

இந்தச் சட்டத்தில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோவையில் இதற்கான சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு பெயிண்டர் பையனுக்காக ஆஜரானேன். நண்பனின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான், கார் ரோட்டோரம் நின்றிருந்தது, டிக்கியில் இருந்த பையில் 1 கிலோ 200 கிராம் கஞ்சா எடுத்ததாக வழக்கு. ஒரு கிலோவைத் தாண்டினால் சிறிய அளவு என்ற கணக்கில் வராது, பத்து வருடம் வரை போகலாம். மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகளோடு எழுதும் பத்திரத்தைப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காக இருந்தது, ‘சாட்சிக்கு அழைத்தும் பொதுமக்கள் யாரும் முன்வரவில்லை’ என்ற வழக்கமான வரி, கீழே சாட்சிகளாக இரண்டு காவலர்கள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. குறுக்கு விசாரணையில் அதிகாரியைக் கேட்டேன், தகவல் எத்தனை மணிக்கு வந்தது? சாயங்காலம் ஏழு மணிக்கு. சோதனை எத்தனை மணிக்கு? பதினொன்று நாற்பது. நடுவில் நாலரை மணி நேரம் இருந்ததே, தகவலை எங்கே எழுதினீர்கள்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு “ஜெனரல் டைரியில்” என்றார். ஸ்டேஷனில் அன்றாடம் எழுதும் அந்த டைரியை வரவழைத்தார்கள். நீதிபதி அந்தத் தேதியின் பக்கத்தை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனார், பக்கம் முடிந்தது, அப்படி ஒரு பதிவே இல்லை. பையன் விடுதலை ஆனான். ஆனால் அதற்குள் இரண்டு வருடம் ஆகியிருந்தது, அதில் நாலு மாதம் உள்ளே இருந்தான், நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணம் நின்றுபோனது. எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரிக்காக அவனை விட்டார்கள், அதே வரி எழுதாமல் இருந்ததால்தான் அவனைப் பிடிக்கவும் முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

இங்கே உங்களுக்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். சோதனை சட்டவிரோதம் என்றால் அதில் கிடைத்த பொருளைக் கோர்ட் தூக்கிப் போட்டுவிடும் என்று படங்களைப் பார்த்துப் பலர் நம்புகிறார்கள். அது அமெரிக்காவில், 1961-ல் மேப் என்பவரின் வழக்குக்குப் பிறகு எல்லா மாநிலங்களுக்கும் வந்த விதி. நம் ஊரில் அப்படி இல்லை. சோதனையில் குறை இருந்தாலும் சாட்சியம் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஏற்கலாம் என்று பூரன்மல் வழக்கில் 1970-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப்பொருள் சட்டத்தின் 42, 50 மாதிரி கண்டிப்பான இடங்களில்தான் மீறல் வழக்கையே சாய்க்கும். மற்ற இடத்தில் மீறியவர் மேல் நடவடிக்கை கேட்கலாம், கிடைத்த பொருள் கிடைத்ததுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, முடியாது என்று சொல்லியிருக்கலாமா?

வாயால் சொல்லலாம், கையால் சொல்லக் கூடாது. இதை ஒரு அண்ணனாகத்தான் சொல்கிறேன். ஒரு காலேஜ் பையன் இதே மாதிரி ராத்திரிச் செக்கிங்கில் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான், அவ்வளவுதான், பை போலீஸ்காரர் நெஞ்சில் பட்டிருக்கிறது. காலையில் எஃப்.ஐ.ஆரில் மூன்று பிரிவு, ஆபாசமாகத் திட்டினான், பணி செய்யவிடாமல் தாக்கினான், கொலை மிரட்டல் விட்டான். பழைய இந்திய தண்டனைச் சட்டக் கணக்கில் 294(பி), 353, 506, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.ஸில் 296(பி), 132, 351. இந்த மூன்றும் தமிழ்நாட்டில் எப்போதும் சேர்ந்தே வரும். இதில் 132 ஜாமீனில் விட முடியாத பிரிவு. பதினோரு நாள் உள்ளே இருந்தான், செமஸ்டர் பரீட்சை போச்சு. அவன் பையில் இருந்தது இரண்டு நோட்டும் ஒரு டிபன் பாக்ஸும். சட்டப்படி அவன் பக்கம்தான் நியாயம், ஆனால் அந்த நியாயத்தைப் பதினோரு நாள் கழித்துத்தான் என்னால் ஒரு நீதிபதியிடம் சொல்ல முடிந்தது.

அதனால் வண்டியை ஆஃப் பண்ணுங்கள், இறங்கி நில்லுங்கள், இரண்டு கையும் தெரிகிற மாதிரி இருக்கட்டும். “சார், பேப்பர் எல்லாம் காட்டிவிட்டேன். பையைப் பார்க்க என்ன காரணம், எந்தச் சட்டத்தில் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள்” என்று ஒரு தடவை கேளுங்கள். “எல்லாரையும்தான் பார்க்கிறோம்” என்றால் அது காரணம் ஆகாது, ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் “சார், எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் தடுக்கவில்லை. சோதனை போடுவதானால் வீடியோ எடுத்துப் போடுங்கள்” என்று சொல்லுங்கள். இது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105 சோதனையையும் பொருளைக் கைப்பற்றுவதையும், கைப்பற்றிய பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரைக்கும், ஆடியோ வீடியோவில் பதிய வேண்டும், போனிலேயே எடுக்கலாம், எடுத்ததைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் இப்படி ஒன்று இல்லை, புதுச் சட்டத்தில் நான் மனசாரப் பாராட்டுகிற ஒரு இடம் இது. நீங்களும் எடுக்கலாம், ரோட்டில் கடமையில் இருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாமல் தள்ளி நின்று எடுங்கள். நான் எப்போதும் சொல்வது, கூட வந்தவர் எடுக்கட்டும், வண்டி ஓட்டியவர் பேசட்டும்.

பி.என்.எஸ்.எஸ். 172 என்று புதிதாக ஒரு பிரிவு வந்திருக்கிறது, போலீஸ் சொல்வதைக் கேட்காவிட்டால் பிடித்து வைப்போம் என்று அதைக் காட்டிச் சிலர் மிரட்டுகிறார்கள். அதில் இருப்பது ‘சட்டப்படியான’ கட்டளை. குற்றத்தைத் தடுக்கும் கடமையைச் செய்யும்போது சொல்லும் சட்டப்படியான கட்டளைக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும். அது சட்டப்படியானதா இல்லையா என்று பேரிகார்டு பக்கத்தில் நின்று தீர்மானிக்க முடியாது என்பதால்தான் தடுக்காதீர்கள் என்கிறேன்.

போன் விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஹைதராபாத்தில் 2021 அக்டோபரில் போலீஸ் ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் கஞ்சா என்று தேடிப் பார்க்கிற வீடியோ வந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பழக்கம் அங்கேயே நின்றுபோகவில்லை, உங்கள் கடிதமே சாட்சி. பை என்றால் பை அளவுக்குத்தான் உள்ளே இருக்கும். போனுக்குள் உங்கள் பேங்க் கணக்கு, வீட்டுப் பெண்களின் போட்டோ, டாக்டர் சீட்டு, பத்து வருடப் பேச்சு எல்லாம் இருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்ன பிறகு, நாற்சந்தியில் நின்று பெருவிரலை வைக்கச் சொல்ல எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. போன் வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94-ல் எழுத்துமூலம் உத்தரவு போட்டுக் கேட்கலாம், கோர்ட்டில் சோதனை வாரண்ட் வாங்கலாம். போனைச் சோதிக்க வாரண்ட் வேண்டும், அவசரம் என்றால் காரணத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் வீரேந்திர கன்னா வழக்கில் சொன்னது. நம் ஊர் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம். அதனால் போனைக் கேட்டால் “டாக்குமெண்ட் காட்டத்தான் திறந்தேன், மற்றதற்கு எழுத்தில் கொடுங்கள் சார்” என்று சொல்லி, லாக் பண்ணி, பாக்கெட்டில் போடுங்கள். ஆர்.சி.யைக் காட்டும்போதே போனை அவர் கையில் கொடுக்காமல் நீங்களே பிடித்துக் காட்டுவது நல்லது, அல்லது பிரிண்ட் போட்டு டேங்க் கவரில் வைத்துவிடுங்கள். அதிலும் உங்கள் போனை வாங்கியவர் சீருடையே போடவில்லை என்கிறீர்கள். லைசென்ஸ் கேட்கவே சீருடை வேண்டும் என்கிறது சட்டம். மஃப்டியில் இருப்பவர் கேட்டால் முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அவர் நிஜமாகவே போலீஸ்தானா என்று நீங்கள் தெரிந்துகொள்வதில் எந்தத் தப்பும் இல்லை.

தங்கச்சி விஷயம். பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல். இது கைதுக்குப் பிந்தைய சோதனைக்கும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 49), வீடு வாகனச் சோதனையின்போது அங்கே இருப்பவரைச் சோதிப்பதற்கும் (பிரிவு 103), போதைப்பொருள் சட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. ஹேண்ட்பேக் உடம்பு இல்லையே என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் உங்கள் தங்கச்சியின் பையை எந்தச் சந்தேகத்தில் திறந்தார்கள்? வண்டி ஓட்டாதவர், லைசென்ஸ் காட்ட வேண்டிய அவசியமும் இல்லாதவர், அண்ணன் பின்னால் உட்கார்ந்து வந்தார், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பைக்குள் என்ன இருக்கும் என்று வீட்டில் அக்கா தங்கை இருக்கிற யாருக்கும் தெரியும், அதை நடுரோட்டில் நாலு ஆண்கள் முன்னால் கிளறியதற்கு எந்த விளக்கமும் போதாது. இனி இப்படி நடந்தால் அவரே சொல்லட்டும், “பெண் போலீஸ் வரட்டும், நான் காத்திருக்கிறேன்.” இதைச் சொல்லிவிட்டு அவசரப்படாமல் நிற்பதுதான் பலம், எத்தனை நேரம் ஆனாலும் சரி.

பணத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. சாதாரண நாளில் கையில் இவ்வளவுதான் வைத்துக்கொண்டு போகலாம் என்று எந்த உச்சவரம்பும் இல்லை. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போதுதான் அந்த 50,000 ரூபாய்க் கணக்கெல்லாம், அப்போது சீட்டுக் கம்பெனி ரசீதையோ பேங்க் சீட்டையோ கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போலீஸுக்கு எதிராக எழுதுவதாக நினைக்க வேண்டாம். ராத்திரிச் செக்கிங்கில்தான் திருட்டு பைக் மாட்டுகிறது, செயின் பறித்தவன் மாட்டுகிறான், குடித்துவிட்டு ஓட்டுகிறவன் யாரையாவது ஏற்றிக் கொல்வதற்கு முன்னால் மாட்டுகிறான். கொட்டும் மழையில் பேரிகார்டு பக்கத்தில் நிற்கிற ஏட்டுக்கு என் வணக்கம் உண்டு. சந்தேகம் இருந்தால் அவர் சோதிக்கட்டும். எழுதிவிட்டுச் சோதிக்கட்டும் என்பது மட்டும்தான் நான் கேட்பது. எந்தச் சந்தேகத்தில் யார் பையை எத்தனை மணிக்கு யார் பார்த்தார்கள் என்று காகிதத்தில் வந்துவிட்டால், காரணம் இல்லாத சோதனை பாதிக்கு மேல் தானே குறைந்துவிடும், ஏனென்றால் காரணம் இல்லாததை எழுத முடியாது.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நின்றேன். உங்களுக்கு நடந்தது காகிதத்தில் எங்கேயும் இல்லை. அதை நீங்கள்தான் இப்போது காகிதத்தில் கொண்டுவர வேண்டும்.

இன்றைக்கே உட்கார்ந்து தேதி, நேரம், இடம், எத்தனை பேர், யார் என்ன சொன்னார்கள் என்று நீங்களும் தங்கச்சியும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல். மாநகரம் என்றால் கமிஷனருக்கு, வெளியே என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. அந்த நாற்சந்தியில் சி.சி.டி.வி. இருந்தால் அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அதே புகாரில் ஒரு பத்தி போடுங்கள், இதில்தான் அவசரம், பழைய பதிவு அழிந்துகொண்டே இருக்கும். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அன்று இரவு அந்த இடத்தில் வாகனத் தணிக்கைக்கு உத்தரவிட்டது யார், பணியில் இருந்தவர்கள் யார் யார், எத்தனை சோதனை பதிவு செய்யப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘பதிவு ஏதும் இல்லை’ என்று பதில் வந்தாலும் பத்திரமாக வையுங்கள், அதுவே உங்கள் புகாருக்கு நல்ல ஆதாரம்.

அப்புறம் மாநில மனித உரிமை ஆணையம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், உங்களுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரைதானே என்று அலட்சியமாக இருந்த காலம் ஒன்று இருந்தது, 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் சட்டத்தை வேண்டுமென்றே மீறினால் பி.என்.எஸ். 198-ல் ஒரு வருடம் வரை தண்டனை உண்டு, காரணமில்லாமல் போதைப்பொருள் சோதனை போட்டுத் தொந்தரவு செய்தால் அந்தச் சட்டத்தின் 58-ம் பிரிவிலேயே ஆறு மாதம் வரை உண்டு. இவற்றில் கிரிமினல் வழக்காகப் போவது நீண்ட வேலை, முன் அனுமதி அது இது என்று இழுக்கும், அதனால் முதலில் ஆணையத்துக்கே போங்கள்.

மனுவில் பணத்தையும் போனையும் விட உங்கள் தங்கச்சியின் ஹேண்ட்பேக்கை முதல் பத்தியில் வையுங்கள். அவர் கையெழுத்தில் தனி மனுவாகவே இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கு இதில் தயக்கம் இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், உங்கள் மனுவில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், அது போதும். எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள், தேதியும் பிரிவு எண்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தருகிறேன்.